டாட்டுக்கு வயது பன்னிரண்டு

2022 ஜூன் 9, வியாழக்கிழமை, பிற்பகல் நாலரை மணி. ஆஸ்திரேலியாவின் கிழக்கு கிப்ஸ்லாந்தில், டாஸன்ஸ் ரிட்ஜ் காட்டை ஒட்டிய கடைசி வீட்டின் முன் வனவிலங்குத் துறை வண்டி ஒன்று நின்றது.

“ஊசியை வண்டியிலேயே வெச்சுட்டு வாம்மா. டீ போடறேன்” என்றார் லெஸ் மாடிகன்.

வனவிலங்கு அதிகாரி நெரிடா கையிலிருந்த ஊசிப் பெட்டியை இறக்கவில்லை. “ஊசி போடணுமா வேண்டாமான்னு பார்க்கத்தான் வந்திருக்கேன். காட்டுல இருந்து ஒரு பிராணியைப் பிடிச்சு வெச்சிருக்கீங்கன்னு புகார்.”

“யாரு, பக்கத்து வீட்டுக் கோலினா? அவன் நாய் நேத்து என் கோழியைத் தூக்கிட்டுப் போச்சு. அதையும் எழுதிக்கோ.”

“கோழி என் துறை இல்லை, லெஸ்.”

லெஸ் நாற்பது வருடம் மர ஆலைக்கு லாரி ஓட்டியவர். அதே ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர் நெரிடாவின் அப்பா. அந்த உரிமையில் அவர் கேலி பேசுவார், அவள் கேட்டுக்கொள்வாள். ஆனால் பெட்டியை மட்டும் விடமாட்டாள்.

பின்கட்டில் ஒரு சின்ன அறை அளவுக்குக் கம்பிவலைக் கூண்டு. அதற்குள்ளிருந்த மரப்பெட்டியில் கை விட்டு, லெஸ் ஒரு துணிப்பையை எடுத்துப் பிரித்தார். உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது சுகர் கிளைடர். கைக்கும் காலுக்கும் நடுவே தோலை விரித்து மரம் விட்டு மரம் மிதந்துபோகும் பிராணி. இதற்கு முதுகுக் கோடு வெளுத்திருந்தது. இரண்டு கண்ணிலும் பால் போலப் புரை.

“பேரு?”

“டாட். 2010-ல இதே வீட்டுல பொறந்தது. உரிமத்துல இருக்கு பாரு. பொட்டை, ஒண்ணு.”

இருந்தது. வீட்டில் பிறந்ததானால் சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காட்டில் பிறந்ததானால், குணமாகாத, கண் தெரியாத ஒன்றை வெளியே விடவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும்.

லெஸ் நீட்டிய கால்நடை மருத்துவரின் சீட்டை நெரிடா படித்தாள். சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டது. வயிற்றில் கட்டி.

“எத்தனை நாள் சொன்னார்?”

“நாலு வாரம். இவ பிடிவாதத்துக்கு ஆறுகூட இருப்பா.”

“வலி வந்தா?”

“வந்தா நானே உன்னைக் கூப்பிடுவேன். அதுவரைக்கும் விடு.”

அவர் தேனில் கலந்த மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து நீட்டினார். அது இரண்டு கையாலும் சிரிஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டு நக்கிக் குடித்தது.

“காட்டுல இருந்து வந்தது இப்படிக் குடிக்குமா, சொல்லு? விரலைப் பிய்ச்சிருக்கும்.”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே” என்றாள் நெரிடா.

வெளிச்சம் போனது. எதிரிலிருந்த யூகலிப்டஸ் மரத்தின் உச்சியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. சத்தமே இல்லை. நாற்பது மீட்டர் காற்றில் சறுக்கி வந்து கூண்டின் வலையில் ஒட்டிக்கொண்டது. பின்னால் இன்னொன்று. பிறகு நான்கு. ஆறும் காட்டு கிளைடர்கள்.

லெஸ்ஸின் கையிலிருந்த கிழட்டு விலங்கு தலையைத் தூக்கியது. அவர் அதை வலையருகே கொண்டுபோனார். ஆறும் ஒவ்வொன்றாக வந்து, வலைக்கண் வழியே அதன் தலையில் தங்கள் நெற்றியைத் தேய்த்தன. கடைசியாக வந்தது வாலைச் சுருட்டி அதில் ஒரு கொத்து இலை கொண்டுவந்திருந்தது. கூட்டில் விரிப்பதற்கான இலை. அதை வலைக்குள் திணித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தது.

பத்தொன்பது வருட வேலையில் நெரிடா இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெட்டியைத் தரையில் வைத்தது அவளுக்கே தெரியவில்லை.

“லெஸ், வேற கூட்டத்து வாசனை அடிச்சா இதுங்க காதைக் கடிச்சுத் துண்டாக்கிடும்.”

“தெரியும்.”

“இங்க நெத்தியைத் தேய்ச்சுட்டுப் போகுதுங்க.”

“பன்னெண்டு வருஷமா பக்கத்து வீடும்மா. பழகியிருக்கும். கோலினோட எனக்குத்தான் இன்னும் பழகலை.”

அவள் சிரிக்கவில்லை. ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள். பிறகு வண்டி வெளிச்சத்தில் படிவத்தை வைத்து ‘வீட்டில் பிறந்தது’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“வளர்ப்புன்னா கூண்டு பூட்டியிருக்கணும். அது சட்டம். பூட்டு எங்கே?”

லெஸ் கொட்டகையில் தேடி ஒரு துருப்பிடித்த பூட்டை எடுத்துவந்தார். டாட்டை மரப்பெட்டிக்குள் விட்டுவிட்டு, அவள் கண்ணெதிரே பூட்டினார். அவள் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“டீ?”

“இன்னொரு நாள் வரேன், லெஸ்.”

வண்டியின் பின்விளக்கு திருப்பத்தில் மறைந்ததும், லெஸ் பூட்டைத் திறந்து கதவை அகல விரித்து வைத்தார். கிழட்டு விலங்கு பெட்டியிலிருந்து இறங்கி, கதவுச் சட்டத்தில் உரசிய வாட்டில் மரக்கிளையை மோந்து பிடித்து ஏறியது. மூன்று முன்னால், மூன்று பின்னால், ஏழும் இருட்டுக்குள் போயின.

உரிமத்தில் இருந்த டாட் பிப்ரவரியிலேயே இறந்து, கோழிக்கூண்டுக்குப் பின்னால் புதைக்கப்பட்டிருந்தது. இந்தக் கிழட்டு விலங்கு பதினோரு நாட்களுக்கு முன், அந்த ஆறும் வழிகாட்ட, திறந்து கிடந்த கூண்டுக்குக் காட்டிலிருந்து தானாக வந்தது. அன்றிலிருந்து தினமும் வந்ததைப் போலவே, மறுநாள் காலை ஆறே முக்காலுக்கும் மருந்துக்கு வந்துவிட்டது.