செக்கர் போட்ட கணக்கு

“கையை எடுக்காதே! அப்படியே வை!”

செக்கர் போட்ட சத்தத்தில் டெய்லர் மடியில் இருந்த பட்டன் டப்பா உருண்டு ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்த லிப்ட் மெக்கானிக்கின் மணிக்கட்டைச் செக்கர் உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தார். மெக்கானிக்கின் உள்ளங்கைக்கு அடியில் நாலு சீட்டு.

சமையலறையிலிருந்து மகள் ஓடி வந்தாள்.

“என்னப்பா ஆச்சு?”

“என்ன ஆச்சா? உன் ஆளு கள்ளாட்டம் ஆடுறான்மா. கையும் களவுமா மாட்டிக்கிட்டான்.”

அவள் முகம் செத்துப்போனது. பாவம், இன்றைக்குத்தான் அவளுக்குப் பதில் கிடைக்க வேண்டிய நாள். “எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா” என்று அவள் வந்து நின்றபோது, “ஞாயித்துக்கிழமை சீட்டாட வரச் சொல்லு. கொஞ்ச நாள் ஆடிப் பாத்துட்டு, ஆள் எப்படின்னு சொல்லிடுறேன்” என்றவர் அவர்.

சும்மா சொல்லவில்லை. ரயிலில் டிக்கெட் பார்த்தே தலை நரைத்தவர். டிக்கெட் இல்லாதவனை நடையிலேயே கண்டுபிடிப்பேன் என்பார். ரிட்டயரான பிறகு அந்தத் திறமை முழுக்கப் போக்கருக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில், அஞ்சு சீட்டு நடுவில் எல்லாருக்கும் பொது. காசெல்லாம் கிடையாது. மச்சினன் டெய்லர் கொண்டுவரும் கோட்டுப் பட்டன்தான் பந்தயம்.

“இந்தச் சீட்டுதான் வச்சிருக்கான்னு ஒண்ணை மட்டும் பிடிச்சுத் தொங்கக் கூடாதுடா” என்று மச்சினனுக்கு வாராவாரம் வகுப்பு எடுப்பார். “என்னென்ன இருக்கலாமோ, அத்தனையையும் முதல்ல மனசுல வச்சுக்கணும். அதுக்குப் பேரு ரேஞ்ச். அவன் பட்டன் வைக்க வைக்க, இது இருக்காது, அது இருக்காதுன்னு ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வரணும். கடைசியில மிச்சம் நிக்கும் பாரு, அதான் அவன் கை.”

மெக்கானிக்கையும் அப்படித்தான் எடை போட்டிருந்தார். ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டே டெய்லரை மிரட்டி ஜெயிக்கிறான், அதனால் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆட்டமும் நன்றாகத் தெரிகிறது, அதனால் அசடும் இல்லை. ஆனால் செக்கர் தன் சீட்டைக் காட்டினால் மட்டும், தன்னுடையதைக் காட்டாமல் கவிழ்த்துவிட்டு, “நீங்கதான் சார்” என்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் வாரிவிடுகிறான். வாருகிற சாக்கில் நல்ல சீட்டை அடுத்த ஆட்டத்துக்கு ஒதுக்குகிறான்! அடித்து அடித்துப் பார்த்ததில் மிச்சம் நின்றது ஒன்றுதான். திருடன்.

“இப்பகூட என்ன பண்ணினான்? நான் ஃப்ளஷ் காட்டினேன், அஞ்சும் ஆர்ட்டின். உன் மாமா குனிஞ்சு ஒரு பட்டனைப் பொறுக்கிட்டு நிமிர்றதுக்குள்ள வாரிட்டான். திருப்புடா!”

“வேண்டாம் சார், விட்டுடுங்க” என்றான் மெக்கானிக் தணிந்த குரலில். “தப்பு என்மேலயே இருக்கட்டும். நான் கிளம்புறேன்.”

“அப்படி வா வழிக்கு.”

செக்கர் அவன் கையைத் தள்ளிவிட்டு, மேலே இருந்த ரெண்டு சீட்டைத் திருப்பினார். அவனுடையவை. ரெண்டும் ராஜா. நடுவில் ஏற்கெனவே ஒரு ராஜா கிடந்தது.

“அடேயப்பா, மூணு ராஜா!” என்றார் டெய்லர். “ஆனா ஃப்ளஷ்தானே அத்தான் பெரிசு? தோத்ததைத் தோத்தேன்னுதானே சொல்றாரு, இதுல என்ன திருட்டு?”

“நீ சும்மா இருடா. அடியில இருக்கறதையும் திருப்பும்மா!”

மகள் திருப்பினாள். அது செக்கரின் சொந்தச் சீட்டு. ஒன்று ஆர்ட்டின் ராணி. இன்னொன்றைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மெக்கானிக் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

டெய்லருக்கு ஏது அந்த இங்கிதம்?

“அத்தான், இது டைமன் நாலுல்ல! ஃப்ளஷ்ஷே இல்லையே! உங்க கையில ஒண்ணுமே இல்லையே!”

செக்கர் சீட்டை வெடுக்கென்று பிடுங்கி மூக்குக்கிட்டே கொண்டுபோனார். சிவப்பு தெரிந்தது. சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நாளாகவே எல்லாம் புகைமூட்டமாகத்தான் இருக்கிறது. வெளியே சொன்னால் கிழவனாக்கி மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று மூச்சுவிடாமல் இருந்தார்.

“போன வாரம்?” சீட்டை மெல்லக் கீழே வைத்தார். “போன வாரம் நான் ஜெயிச்சேனே, அதுவும்...?”

மெக்கானிக் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். செக்கரின் விரல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது.

“ரெண்டும் சிவப்புதானே சார். இந்த வெளிச்சத்துல எனக்கே சட்டுனு தெரியலை.”

ஜன்னல் வழியாகப் பட்டப்பகல் வெயில் மேஜை முழுக்க விழுந்து கிடந்தது.

செக்கருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெற்ற மகள் முன்னால், மச்சினன் முன்னால், அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி கத்தினாரே! என்னென்னவோ இருக்கலாம் என்று கணக்குப் போட்ட மனுஷனுக்கு, இவன் நம் மானத்தைக் காப்பாற்றுகிறவனாக இருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.

மெக்கானிக் எழுந்தான். “வரேன் சார்.”

“உட்காருங்க.”

அவர் தலை நிமிரவில்லை. சீட்டைத் தாமே வாரிக் கலைத்தார். மூன்று பேருக்கும் ரெண்டு ரெண்டாகப் போட்டார்.

பிறகு, இத்தனை வருஷத்தில் தன் கைச் சீட்டை ஆட்டம் முடியும் முன்னே யாருக்கும் காட்டாத மனிதர், அந்த ரெண்டையும் மெக்கானிக் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

“என் கையில என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, மாப்பிள்ளை.”