ஒரு ஜாடி கேரட்

ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. கத்தி பிடித்துப் பழகாத கை என்று பார்த்தாலே தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டாள். கணவன் கொண்டுவந்திருந்த கண்ணாடி ஜாடிக்குள், உப்புநீரில் கேரட் துண்டுகள் ஊறிக் கிடந்தன. அவனுடைய பொய்கள் பொறுக்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்த இந்த ஆறு மாதத்தில், முதல்முறையாக அவள் மனம் இளகியது.

"போன வாரம் நானே நறுக்கி, நானே உப்பு கரைச்சு ஊத்தினேன்," என்றான். "இனிமே பொய்யும் கிடையாது, புரட்டும் கிடையாது. வீட்டுக்கு வந்து பாரு."

"அடேயப்பா, உன் வீட்டுக்காரரா அடுப்படிக்குள்ள போனாரு? இன்னைக்கு மழை கொட்டும்!" என்று சிரித்தாள் அண்ணி. "பெட்டியை எடுத்துட்டு வரட்டுமா?"

தலையாட்டப் போனவள், ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். பல் கூசியது. ஒரு வாரத்தில் இந்தப் புளிப்பு ஏறாது. மாதக்கணக்கில் ஊறினால்தான் ஏறும்.

அந்த வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று காலை, அழுதுகொண்டே கேரட் நறுக்கியது அவள்தான். ஒன்று தடிமனாக விழுந்தது, ஒன்று மெல்லிசாக விழுந்தது. உப்புநீரை ஊற்றி, லேசாக மூடி, அலமாரியில் வைத்துவிட்டு வந்தவள் அதை மறந்தே போயிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் ஆவலாக.

"நல்லாப் புளிச்சிருக்கு," என்றாள். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"பெட்டி வேண்டாம் அண்ணி. இந்த ஜாடியை மட்டும் ஒரு பையில போட்டு அவர்கிட்ட கொடுத்துடுங்க."