ஒரே ஒரு சீட்

"எம்புள்ள கெட்டுச் சீரழிஞ்சு போயிட்டான் மேடம். இவன எப்படியாவது சேத்துக்கோங்க." சண்முகவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பக்கத்து நாற்காலியில் அந்தக் கெட்டுப்போன பிள்ளை, இருபது வயசு ராஜபாண்டி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

தாராவியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த சென்டர். போதையில் விழுந்த பையன்களைத் தூக்கி நிறுத்துகிற வேலை. மூணு மாசம் அம்பர்நாத்தில் ஹாஸ்டல், மூணு வேளையும் சாப்பாடு, ஏசி மெக்கானிக் டிரெயினிங், முடிந்த கையோடு கம்பெனியில் வேலை. இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள் இப்படி, சொல்லுங்கள். இந்த பேட்ச்சில் ஒரே ஒரு சீட்தான் மிச்சம் இருந்தது.

கவுன்சிலர் ஷாலினிக்கு இந்த அம்மாவைத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னால் மூத்தவன் முகேஷை இதே நாற்காலிக்குத் தரதரவென்று இழுத்து வந்தவள். வீட்டுப் பாத்திரத்தை எல்லாம் விற்று நஷா என்று போதை ஏற்றிக்கொண்ட அந்தப் பயல் இன்றைக்கு வடாலாவில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஏசி மாட்டுகிறான்.

"இவனுமாக்கா?" ஷாலினி பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவனுந்தான். என் தலையெழுத்து. முகேஷ் வேலை கெடச்சதும் பொண்டாட்டியக் கூட்டிட்டு கோவண்டிக்குப் போயிட்டான். எட்டிக்கூடப் பாக்க மாட்டான். இவந்தான் கஞ்சி ஊத்துவான்னு நம்பிக் கெடந்தேன்."

ஷாலினி பையன் பக்கம் திரும்பினாள். "என்ன யூஸ் பண்றே, ராஜபாண்டி?"

"எல்லாந்தான் மேடம். கஞ்சா, மாத்திரை, எம்.டி. பவுடர்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா. காலைல எந்திரிச்சதும் வேணும். இல்லேன்னா கை நடுங்கும்."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று சொல்லிவிட்டான். ஷாலினிக்கு ஆச்சரியம். இந்த நாற்காலியில் உட்காருகிற எவனும் முதல் நாளே ஒத்துக்கொள்ள மாட்டான். சத்தியம் பண்ணுவான், சண்டை போடுவான், பெத்த அம்மாவையே பொய்க்காரி என்பான். இவன் தானாகவே சொல்கிறான் என்றால் திருந்துகிற எண்ணம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லது. உள்ள பாத்ரூம் இருக்கு. இந்த டப்பால யூரின் பிடிச்சுட்டு வா. அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும்."

சண்முகவடிவு சட்டென்று நிமிர்ந்தாள். "டெஸ்ட்டா? முகேஷுக்கு அதெல்லாம் எடுக்கலியே மேடம்."

"இந்த வருஷம் புது ரூல்க்கா. உதவி பண்ற கம்பெனிக்காரங்க கேக்கிறாங்க."

"நாந்தான் சொல்லுதேம்லா. பெத்தவ சொன்னாப் பத்தாதா?"

"எனக்குப் பத்தும். அவங்களுக்குப் பத்தணுமே."

ராஜபாண்டி அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஷாலினி டெஸ்ட் பட்டையை நனைத்து மேஜையில் வைத்தாள். சண்முகவடிவு கண்ணை மூடிக்கொண்டு ஊர்ச் சாமியை எல்லாம் பேர் பேராகக் கூப்பிட்டாள். எதற்காகக் கும்பிடுகிறாள் என்று கேட்கவா வேண்டும், பெத்த வயிறு.

ரிசல்ட்டைப் பார்த்த ஷாலினி நம்பவில்லை. இன்னொரு பட்டையைப் பிரித்து நனைத்தாள். அதிலும் அதேதான்.

"அக்கா, ஒண்ணுமே இல்ல. நெகட்டிவ். கஞ்சா இல்ல, மாத்திரை இல்ல, எம்.டி. இல்ல. பையன் சுத்தமா இருக்கான்." ஷாலினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு நல்ல சேதியை அவள் எந்த அம்மாவுக்கும் சொன்னதில்லை.

சண்முகவடிவுக்கு முகம் செத்துப்போயிற்று. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இதுவரைக்கும் அழுததெல்லாம் ஒரு அழுகையா என்கிற மாதிரி அழுதாள்.

"பொய்தான் மேடம் சொன்னேன். அவனையும் நாந்தான் சொல்லச் சொன்னேன். இவன் ஒரு பீடியக்கூடத் தொட்டதில்ல. பன்னெண்டாவது முடிச்சுட்டு ரெண்டு வருஷமா விடிஞ்சா கூலிக்கு ஆள் எடுக்கிற நாக்கா முக்குல போய் நிக்கான். பாதி நாள் யாரும் கூப்பிடுததில்ல. நாசமாப் போனவனுக்கு ஹாஸ்டலும் சோறும் வேலையும் குடுத்தீங்க. ஒழுங்கா இருக்கவனுக்கு யாரு மேடம் இருக்கா?"

ஷாலினி சொன்ன பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

"நஷா பண்றவங்களுக்குத்தான்க்கா இந்த சீட். என் கையில ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் விழிப்புணர்வு கிளாஸ் இருக்கு. போதைப் பக்கம் போகாம எப்படி இருக்கிறதுன்னு சொல்லிக்குடுப்போம். டீ, பிஸ்கட் உண்டு. அதுக்கு வேணா தம்பி வரட்டும்." சொல்லி முடிப்பதற்குள் வெட்கமாகப் போய்விட்டது.

சண்முகவடிவு எழுந்து படி இறங்கினாள். கூடவே போன ராஜபாண்டி பாதிப் படியில் நின்றான். என்ன நினைத்தானோ, திரும்பி மேலே வந்தான். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் அந்த சீட்ட யாருக்கும் குடுத்துராதீங்க மேடம், பாசிட்டிவோட வாறேன்."