அலை உடையாத இடம்

அவன் நீந்திக்கொண்டுதான் இருந்தான். கரைதான் கிட்டே வரவில்லை.

அவள் முதலில் சிரித்தாள். விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்தாள்.

பிறகுதான் அவன் வாய் காற்றுக்குத் திறந்து மூடுவதைப் பார்த்தாள்.

"மாமா, வாங்க. வந்துருங்க."

கல்யாணமாகி ஒன்பது நாள். பொள்ளாச்சியிலிருந்து இலங்கைக்கு வந்து மூன்று நாள். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. புறப்படும்போது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கொசுவுக்குக் களிம்பு எடுத்துக்கொள். பாட்டில் தண்ணீர் மட்டும் குடி. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதே. ஆட்டோவில் ஏறும் முன்பே வாடகையைப் பேசிக்கொள். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் அம்மா புளிக்காய்ச்சல் கட்டிக் கொடுத்தாள்.

கடலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் கடல் கிடையாது.

சொன்னது யோகேஸ்வரி மட்டும்தான்.

மட்டக்களப்புக்கு வடக்கே, தென்னந்தோப்புக்குள், மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள் அவள். ஐம்பது வயதிருக்கும். காலையில் இடியப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, எல்லா விருந்தாளிகளிடமும் சொல்வதுபோல் சொன்னாள்.

"அலை உடையாம, குளம் மாதிரிக் கிடக்கிற இடத்தில இறங்காதீங்க. அதுதான் ஆளை வெளிய இழுக்கிற இடம். இழுத்தா கரையப் பார்த்து நீந்தாதீங்க. பக்கவாட்டில போங்க."

புது மாப்பிள்ளை தரணி தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டே தலையாட்டினான். அறுபதடிக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன்.

"பாத்துக்கலாமுங்க" என்றான்.

பத்து மணிக்கு, அலை இல்லாத இடமாகத் தேடித்தான் இறங்கினான்.

இப்போது இரு புறமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவில் கருநீலமாக ஒரு பாதை. அதில் அவன் தலை.

அவள் துப்பட்டாவை வீசினாள். மஞ்சள் துப்பட்டா. தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவளை நோக்கியே கைகளை வீசி வீசிப் போட்டான்.

பார்க்கப் பார்க்க அந்தத் தலை சிறுத்துக்கொண்டே போயிற்று.

கரையில் வேறு ஆளில்லை. தோணிகளெல்லாம் விடியலிலேயே போய்விட்டிருந்தன.

பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த கை.

"கூப்பிடாதீங்க மகள்."

அவள் திமிறினாள். யோகேஸ்வரி விடவில்லை. மறு கையை நீட்டி, வடக்கே போ, வடக்கே போ என்று அவனுக்குக் காட்டிப் பார்த்தாள்.

அவன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவன் கண் மனைவியைவிட்டு நகரவில்லை.

"உங்களப் பார்த்துத்தான் நீந்துறார். நீங்க இஞ்ச நிண்டா, அவர் இதுக்குள்ளயே கிடந்து களைச்சுப் போவார். நடங்க. இந்தப் பக்கமா நடங்க."

"அவர உட்டுப்போட்டா?"

"நடங்க."

முதல் பத்தடிக்குக் கால் வரவில்லை. மணல் உள்வாங்கியது. யோகேஸ்வரி அவள் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். துப்பட்டாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

காற்று கடலிலிருந்து அடித்தது. அதில் அவன் குரல் வந்தது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இந்த ஒன்பது நாளில் அதுதான் முதல் தடவை.

அவள் நிற்கவில்லை.

மறுபடி கூப்பிட்டான்.

நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த உடைந்த தோணி ஒன்றைத் தாண்டினார்கள். தாழம்புதர் ஒன்றைத் தாண்டினார்கள். தூக்கிய கை மரத்துப்போனது.

"இப்பப் பாருங்க" என்றாள் யோகேஸ்வரி.

அவன் திரும்பியிருந்தான். கரைக்கு அல்ல. அவள் போன திசைக்கு. கரைக்குப் பக்கவாட்டாகவே, கோபமாக, மஞ்சளைத் துரத்திக்கொண்டு நீந்தி வந்தான்.

நீலம் முடியும் இடத்தில் ஒரு வெள்ளை அலை அவன்மேல் விழுந்தது.

தலை காணாமல் போயிற்று.

அடுத்த அலையில் முதுகு தெரிந்தது. அதற்கடுத்த அலை அவனைக் கொண்டுவந்து மணலில் முட்டிபோட வைத்தது.

அவள் தண்ணீருக்குள் ஓடி அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அவன் உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்தான். நெடுநேரம் இருமினான். மூச்சு கொஞ்சம் வந்ததும் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"நான் உள்ள கெடந்து சாவறேன். நீயி என்னைய உட்டுப்போட்டு எங்க நடந்து போன?"

அவள் யோகேஸ்வரியைத் தேடினாள்.

யோகேஸ்வரி அங்கே இல்லை. வெகுதூரம் திரும்பிப் போய், அவன் கழற்றிப் போட்ட செருப்பையும் சட்டையையும் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியதை இனி அவளேதான் சொல்ல வேண்டும். இப்போது சொன்னால் அவன் நம்ப மாட்டான். ஊருக்குப் போய் எல்லோரிடமும் இதை எப்படிச் சொல்லப் போகிறான் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"வந்துட்டீங்கல்ல" என்றாள்.

அவன் விளங்காமல் அவள் முகத்தையே பார்த்தான்.

அவள் அவனருகில் மணலில் உட்கார்ந்து, துப்பட்டாவால் அவன் தலையைத் துவட்டினாள்.

கொஞ்சம் அழுத்தித்தான் துவட்டினாள்.