சலுகைக் கரண்டு

"சந்தனக்கா, போட்டோவுக்கு ஒரு தடவ சிரிச்சாத்தான் என்ன?" அரவை மில் முதலாளி ஈஸ்வரபாண்டி கெஞ்சினான்.

சந்தனம்மாள் சிரிக்கவில்லை. மிளகாய்த் தூள் அப்பிய சேலையோடு மெஷின் பக்கத்தில் உம்மென்று நின்றாள்.

தேனி நகரத்துக்குள் புதிதாகத் தொழில் தொடங்கினால் கரண்டு பில்லில் பாதியை அரசாங்கம் தள்ளுபடி செய்யும். பதிலுக்கு, வேலையில்லாத உள்ளூர்க்காரர் ஒருவருக்காவது வேலை தர வேண்டும். அந்த ஒருவர்தான் சந்தனம்மாள். அவளை நேரில் விசாரித்துவிட்டுப் போகத்தான் அதிகாரி ஆதித்தன் வந்திருந்தார். அவர் வாசலில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரபாண்டி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, சலுகை போச்சுன்னா எனக்குக் கட்டுபடியாகாது. மொதல்ல ஒன்னயத்தான் நிறுத்தணும். பாத்துப் பேசு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இந்த வேலையும் போய்விட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

வத்தல் அரைக்க வந்திருந்த கஸ்தூரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, சும்மா கெடந்தவளக் கூப்பிட்டு வேல குடுத்திருக்காக. ஒரு நன்றி வேணாமா? இப்பிடியா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது!"

நியாயமான கேள்விதான். தெருவில் பாதிப் பேர் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆதித்தன் போனிலிருந்து நிமிர்ந்தார். பக்கத்துக் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டில் துரு.

"இது என்ன கடை?"

"அதுவும் மில்லுதான் சார்," என்றான் ஈஸ்வரபாண்டி. " ரொம்ப காலமா ஓடுச்சு. பழைய மில்லுக்குச் சலுகை கெடையாதுல்ல? நம்ம வாங்குற கொறஞ்ச அரவக் கூலிக்கு அவுகளால அரைக்க முடியல. மூடிட்டாக."

"தொழில்னா போட்டி இருக்கத்தான் செய்யும்."

சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கஸ்தூரியம்மாள் அவசரமாகத் தன் பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள்.

"சொல்லுங்கம்மா. இங்க சேர்றதுக்கு முன்னாடி வேலை இல்லாமத்தான் இருந்தீங்களா?"

"ஆமா சார்."

ஈஸ்வரபாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அதுக்கு முன்னாடி?"

சந்தனம்மாள் முதலாளியைப் பார்த்தாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பக்கத்து மில்லுல சார்."

"ஓ, அனுபவம் இருக்கா? பரவாயில்லையே!" ஆதித்தன் உற்சாகமானார். "அங்க எவ்வளவு சம்பளம் வாங்கினீங்க?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வத்தல் நெடி என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

"வாங்கல சார். மூணு பேருக்குக் குடுத்துக்கிட்டிருந்தேன்."