கண்ணுக்குத் தெரியாத வத்தை

"எங்க வத்தையத் திருப்பிக் குடுங்க."

லீமாரோஸ் கேட்டேவிட்டாள். 'பட்டாளத்துக்காரககிட்ட வத்தைய மட்டும் கேட்டுறாத தாயி' என்று அவள் அய்யா இன்னாசி கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்.

மேஜர் மலையாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

சீனச் சண்டைக்குப் பிறகு, நாளைய யுத்தத்துக்கு என்னென்ன வேண்டும் என்று டில்லியில் உட்கார்ந்து யோசித்தார்கள். கரையில் நிற்கும் படகுகளை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்க ஒரு புது வலை வேண்டும் என்று முடிவாயிற்று. அதைப் பரிசோதிக்கத்தான் உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரமாக இந்த முகாம். மூடிப் பார்க்க ஒரு படகு வேண்டுமே? இன்னாசியின் மீன்பிடி வத்தை அகப்பட்டது. ஐப்பசியில் ஒரு வாரம் என்று வாங்கிப் போனார்கள். மாசி வந்துவிட்டது. அந்த வத்தை கொண்டுவந்த மீனில் படித்துத்தான் லீமாரோஸ் அந்தக் கரையின் முதல் பி.ஏ. ஆனாள். இப்போது இன்னாசி அடுத்தவன் வத்தையில் கூலிக்குப் போகிறார்.

"பாப்பா, இன்னைக்குத்தான் டில்லிக் கமிட்டி வந்திருக்கு. இப்பப் போயி..."

"நான் பாப்பா இல்ல. பி.ஏ."

"சரி, பி.ஏ. பாப்பா. எங்க பரீட்சை முடியட்டும்."

"நான் எழுதுன பரீட்சையெல்லாம் மூணு மணி நேரத்துல முடிஞ்சுது. ஒங்க பரீட்சை நாலு மாசமா நடக்குது."

மேஜருக்குச் சுருக்கென்றது. கூடவே ஒரு யோசனையும் தோன்றியது. அவளையும் கமிட்டியோடு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்.

மேலேயிருந்து பார்த்தால் மணல், தாழம்புதர், பனைகள், அப்புறம் கடல். கமிட்டித் தலைவரான பிரிகேடியர் பைனாகுலரை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"எங்கேயப்பா வைத்திருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நேற்று மாலை என் கையாலேயே மூடினேன் சார். காவலுக்குக்கூட ஆள் போடவில்லை. ஆள் நின்றால் அதுவே எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்." மேஜரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. "இது இந்தப் பெண்ணின் வீட்டுப் படகு. இந்த மணலிலேயே வளர்ந்தவள். இவள் கண்டுபிடிக்கிறாளா பாருங்கள்."

லீமாரோஸ் பைனாகுலரை வாங்கினாள். நிதானமாகப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்கள் படகு எங்கேயும் தெரியவில்லை" என்றாள், நல்ல ஆங்கிலத்தில். குரல் நடுங்கியது.

கமிட்டி கை தட்டியது. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி மட்டும் விடவில்லை. தூரத்துப் புதர் ஒன்றைக் காட்டி, அதுதான் வத்தை என்று சாதித்தார். வத்தை எழுந்து, கழுதையாக ஒரு தடவை கனைத்து, குட்டியோடு மேயப் போயிற்று. பிரிகேடியர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று கீழே விழுந்தது.

"இனி நம் கரை முழுக்க இந்த வலைதான். டீ கொண்டு வாருங்கள்."

கடைசியாக வலையைத் தூக்கிக் காட்டி இன்னொரு கைதட்டலையும் வாங்கிவிட மேஜருக்கு ஆசை. ஹவில்தாரைக் கரைக்கு அனுப்பினார். டீ ஆறுவதற்குள் ஹவில்தார் ஓடி வந்து அவர் காதில் சொன்னது, பக்கத்தில் நின்ற லீமாரோஸுக்கும் கேட்டது.

"அய்யா, அங்கன ஒண்ணுமில்ல. வத்தையும் இல்ல, வலையும் இல்ல. களவு போயிருச்சு."

மேஜர் கோப்பையைச் சாஸரோடு கீழே வைத்தார். இத்தனை நேரம் டில்லி கை தட்டியது வெறும் மணலுக்கு.

"எங்க வத்தை எங்க?" லீமாரோஸ் குரலை உயர்த்தினாள். பிரிகேடியர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாம்மா, மெதுவா." பாப்பா போய் அம்மா வந்துவிட்டது. மேஜர் அவளைத் தண்ணீர்ப் பீப்பாய் ஓரமாகக் கூட்டிப் போனார். "எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான். வெளிய தெரிஞ்சா என் உத்தியோகம் போச்சு. அடுத்த பரீட்சைக்குன்னு தொண்டியில இருந்து புது வத்தை வந்து நிக்குது. அத எடுத்துக்கங்க."

"பாய் இருக்கா?"

"புதுப் பாய்."

"நங்கூரம்?"

"இருக்கு தாயி, இருக்கு."

"எங்க கரைக்கு ஒங்க ஆளுகளே கொண்டாந்து விடணும்."

"நானே தள்ளிட்டு வாரேன்."

"நாளைக்குப் புது வத்தை எங்கன்னு டில்லி கேட்டா?"

மேஜர் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அதையும் வலை போட்டு மூடி வச்சிருக்கோம்னு சொல்லிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அதற்கு மேல் லீமாரோஸால் அங்கே நிற்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள். பாவம், அழுகிறாள் என்று ஹவில்தார் கேட்டைத் திறந்துவிட்டார்.

கேட்டால் வம்பு என்பது அய்யாவின் பயம். பறிகொடுத்தவள் கேட்காமல் இருந்தால்தான் வம்பு என்பது லீமாரோஸின் முடிவு. அதை அவள் நேற்றே எடுத்துவிட்டாள். திரும்பிப் பாராமல் கேட்டைத் தாண்டினாள்.

ஆனால் வலையைக் குறை சொல்லக் கூடாது: விடியுமுன் அவளும் அய்யாவுமாக வத்தையைத் தள்ளிக்கொண்டு போய்த் தாழங்காட்டுக்குள் அந்த வலையாலேயே மூடிவிட்டு வந்த இடத்தை, அய்யா காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.