குயிலுக்கு எதிர்க்குரல்

ஜெசிந்தா இறந்த பிறகு வந்த முதல் கோடையில், செல்வின் தோட்டத்து ஒலிப்பதிவுக் கருவியில் போன வருடத்துப் பதிவைப் போட்டுக் கேட்டார். அந்துப்பூச்சியின் சிறகடிப்பைக்கூடப் பெயர் சொல்லிச் சேமிக்கும் கருவி அது. மனைவியின் குரல் மட்டும் எங்குமே இல்லை.

“மனுசக் குரலை இரைச்சல்னு அதுவே அழிச்சிரும்ப்பா. திரும்ப எடுக்க முடியாது” என்றாள் மகள் பெனிட்டா.

“குயில் கூவினா உங்கம்மா எதிர்க்குரல் குடுப்பாளே, அதுவுமா போச்சு?”

“அதுவும்தான்.”

அவர் நிறுத்தவில்லை. பதிவில் குயில் கூவியது. பிறகு சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. உடனே குயில் வீம்புக்கு நிற்பதுபோல் இன்னும் உரக்கக் கூவியது. மறுபடி அமைதி.

பெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேசாதம்மா. இப்போ உங்கம்மா கூவுறா.”